ஆம் அழுத்தியவர்

கண்டக்டருக்கு முழங்கால் போனபோது போக்குவரத்துத் துறை அவரைக் கைவிட்டுவிடவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தது. அவருக்குப் பயிற்சி கொடுத்தது.

பாதி ஆயுளை பஸ்ஸில் நின்றே கழித்தவர். இனி ஓடும் வண்டியில் நிற்கக் கூடாது, நின்றால் மூட்டுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறையும் பெருந்தன்மையாகக் கடிதப் பிரிவில் ஒரு நாற்காலி ஒதுக்கியது. ஒரே நிபந்தனை, கணினியில் டைப் செய்வதற்கான தொடக்கப் பயிற்சியில் அவர் தேற வேண்டும். தேறாவிட்டால் மறுபடியும் பஸ்தான், அதுவும் மாலை ஷிப்ட். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு டியூட்டி. அவள் கிளம்பும் நேரத்துக்கு இவர் வீட்டுக்கு வராவிட்டால், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பூட்டிய வீட்டில் தனியாகத் தூங்க வேண்டும்.

"நீங்க படிச்சு பாஸ் பண்ணுவீங்களோ, பார்த்து எழுதுவீங்களோ, அது உங்க பாடு" என்றாள் மனைவி. "அந்த நாற்காலிய மட்டும் விட்டுட்டு வந்து நிக்காதீங்க. சொல்லிட்டேன்."

அந்த அலுவலகத்தில் டைப் செய்ய ஒரு மென்பொருள் இருந்தது. அதை உருவாக்கியவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும். புதியவர்கள் தெரியாமல் அழுத்திவிட்டுப் பதறக்கூடிய சில கட்டளைகளை அவர்கள் முடக்கி வைத்திருந்தார்கள். அப்படி ஒன்றை யாராவது அழுத்தினால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். 'இந்தக் கட்டளை முடக்கப்பட்டுள்ளது. இது புதியவர்களைக் குழப்பக்கூடும். பயன்படுத்த விரும்புகிறீர்களா?' என்று மரியாதையாகக் கேட்கும். கீழே ஆம், இல்லை, இந்த ஒரு முறை மட்டும் என்று மூன்று பொத்தான்கள் இருக்கும்.

அவ்வளவுதான் விஷயம். நீங்களோ நானோ என்றால் 'இல்லை'யை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அரசுத் துறை சும்மா இருக்குமா? அந்தப் பெட்டிக்குப் பதில் சொல்வதற்கென்று முடக்கக் கட்டளைப் பிரிவு என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு ஒரு முழு மாடி, ஒரு இயக்குநர், இயக்குநருக்கு ஒரு கார், காருக்கு ஒரு டிரைவர். 'இல்லை' பொத்தானை அழுத்துவதற்கென்றே ஒரு அதிகாரி. அவரை எல்லாரும் இல்லை அதிகாரி என்றே அழைத்தார்கள். ஆம் அதிகாரி என்றும் ஒரு பதவி உண்டு. ஆனால் அதற்கு ஆளைப் போடுவதற்கு யாராவது ஆம் என்று சொல்ல வேண்டியிருந்ததால் அந்த அறை பூட்டியே கிடந்தது.

இல்லை அதிகாரி தன் தொழிலில் ஊறிப்போனவர். காலையில் டீ கொண்டு வருபவர் "சார், டீ?" என்று கேட்டால் "இல்லை" என்பார். பிறகு டீ வரவில்லையே என்று நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

முதல் நாள் வகுப்பில் கண்டக்டருக்குப் பக்கத்தில் ஸ்டோர் அக்கா உட்கார்ந்திருந்தார். பஸ் டயரும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவரை, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று இங்கே அனுப்பியிருந்தார்கள். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்கிற மனுஷி.

"சார், கடிதம் டைப் பண்ண எப்ப சொல்லித் தருவீங்க?" என்றார்.

பயிற்சியாளர் சிரித்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, எதையும் எழுதாத கை.

"அம்மா, டைப் பண்றது, சேமிக்கிறது, அச்சடிக்கிறது, இதெல்லாம் முடக்கப்படாத கட்டளைகள். அமுக்குனா அதுபாட்டுக்கு வேலை செய்யும். தானா வேலை செய்யறதுக்கு எதுக்கு அரசாங்கச் செலவுல பயிற்சி? இங்க சொல்லித் தர்றது நீங்க பயன்படுத்தவே கூடாத கட்டளைகள மட்டும்தான்."

"பயன்படுத்தவே கூடாதுன்னா எதுக்குங்க அதைப் படிக்கணும்?" என்றார் கண்டக்டர்.

"படிக்காம எப்படி அதைப் பயன்படுத்தாம இருப்பீங்க? ஒண்ணு உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னா, முதல்ல அது என்னன்னு உங்களுக்கு நல்லா தெரியணுமில்ல?"

கண்டக்டர் அதைத் தலைக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏறிய இடத்திலேயே கொண்டு வந்து இறக்கியது. சரி, நமக்கு நாற்காலிதானே முக்கியம் என்று நோட்டைப் பிரித்தார்.

இப்படியாக அவர்கள் முடக்கப்பட்ட கட்டளைகள் ஒவ்வொன்றையும் உருப்போட்டார்கள். கட்டளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் பயன்படுத்தும் எண்ணம் இருப்பதாகக் குறித்துக்கொள்வார்கள். ஆகவே பயிற்சியாளர் கேள்வி கேட்டால் மாணவர்கள் இருமிக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளைக்கு ஒரு வறட்டு இருமல், எழுத்துகளைப் பெரிதாக்கும் கட்டளைக்குக் கனைப்பு. வகுப்பறையைத் தாண்டிப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் 'சுருக்கு' என்ற கட்டளை வந்தது. அதைச் சொல்லும்போது பயிற்சியாளர் ஜன்னலைச் சாத்தினார்.

"கடிதத்துல ஏதாவது ஒரு பகுதிய நீலமா தேர்ந்தெடுத்துட்டு இதை அமுக்குனா, அந்தப் பகுதி மட்டும்தான் தெரியும். மிச்சமெல்லாம் போயிடும்."

"எங்க போகும்?" என்றார் ஸ்டோர் அக்கா.

"அது பாடத்திட்டத்துல இல்ல."

"திரும்பி வருமா?"

"திரும்பி வருமான்னு கேக்கறதே, அனுப்பிப் பார்க்கற ஆசை உங்களுக்கு இருக்குன்னு காட்டுது" என்றார் பயிற்சியாளர். ஸ்டோர் அக்காவுக்கு அன்றைக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது.

அடுத்து செய்முறை. பெட்டி திரையில் வந்ததும் புதியவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். "பெட்டி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். இல்லை அதிகாரி வந்து 'இல்லை'யை அழுத்தும்வரை கையை இறக்கக் கூடாது. கண்டக்டருக்கு இது கஷ்டமாகவே இல்லை. ஓடும் பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடித்தே பழகிய கை. மற்றவர்களுக்குத் தோள்பட்டை விட்டுப்போனது, இவர் மட்டும் தூக்கிய கையோடு கண்ணயர்ந்தார். பயிற்சியாளருக்கு ஒரே பூரிப்பு. "இவருதான் நிஜமான தொடக்கநிலையாளர்" என்று எல்லாரிடமும் காட்டினார்.

கண்டக்டர் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நான்தான் வகுப்புல முதல்" என்றார்.

"டைப் பண்ண வந்திடுச்சா?"

"அதெல்லாம் தானா வருமாம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் பல டாக்டர்களோடு வேலை பார்த்தவள், இதைவிடப் பெரியதெல்லாம் கேட்டிருக்கிறாள்.

பயிற்சி முடிய ஒரு நாள் இருக்கும்போது பிரிவின் ஆண்டு விழா வந்தது. நகரத்துப் பெரிய மண்டபம். இயக்குநர் உரையாற்ற வேண்டும். அவருடைய உரை என்றால் குறைந்தது இரண்டு கட்டுத் தாள் இருக்கும். கேட்கிறவர்கள் வீட்டிலிருந்து தலையணை கொண்டு வருவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அதை முன்கூட்டிப் படித்துப் பார்ப்பதில்லை. படித்தால் மேடையில் தனக்கே சலிப்புத் தட்டிவிடும் என்பார். அதில் மட்டும் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது.

எல்லா அதிகாரிகளும் மேடையில் இடம் பிடிக்க விடிந்ததுமே கிளம்பிவிட்டார்கள். உரை கணினியில் திறந்து கிடந்தது. டிரைவர் வந்து அதை எடுத்துப் போகும்வரை காவலுக்கு ஒரு ஆள் வேண்டும். எதையும் செய்யத் தெரியாத ஆள்தான் நம்பகமான ஆள் என்று பயிற்சியாளர் கண்டக்டரை உட்கார வைத்தார்.

"எதையும் தொடாதீங்க."

"எனக்கு எதுவும் தெரியாதுங்களே."

"அந்த நம்பிக்கையிலதான் விட்டுட்டுப் போறேன்."

கண்டக்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் முழங்கால் இறுகிப்போனது. காலை நீட்டலாம் என்று மேசையைப் பிடித்து எழுந்தார். முழங்கை மவுஸை இழுத்தது. உரையின் நடுவே நாலு வரி நீலமாக மாறியது. அதைப் பார்த்துத் திடுக்கிட்டு அப்படியே உட்காரப் போனவரின் உள்ளங்கை விசைகளின் மேல் பதிந்தது. திரையில் 'சுருக்கு' கட்டளைக்கான பெட்டி வந்தது.

"பெட்டி!" என்று கத்திக்கொண்டு கையைத் தூக்கினார்.

மாடியில் ஒரு ஈ காக்கை இல்லை. இல்லை அதிகாரி மேடையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் கை இறக்காமல் அப்படியே இருந்தார். வியர்த்தது, துடைக்கக் கையில்லை. சினிமாவில் துப்பாக்கியைக் காட்டினால் இப்படித்தான் நிற்பார்கள், இங்கே காட்டியது ஒரு சின்னக் கேள்வி. நாளைக்குத் தேர்வு, இன்றைக்குப் போய் இப்படி ஆகணுமா என்று நொந்துகொண்டார். பெட்டி மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பயன்படுத்த விரும்புகிறீர்களா?

அப்போதுதான் இயக்குநரின் டிரைவர் படியேறி வந்து, கதவுக்கு வெளியே நின்றபடி குரல் கொடுத்தார்.

"என்ன கண்டக்டர், போலாமா?"

ஒரு டிரைவர் ஒரு கண்டக்டரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. அதற்கு அவர் மூளை பதில் சொல்லி எத்தனையோ வருஷமாகிறது. வாயும் கையும்தான் பதில் சொல்லும்.

"போலாம் ரைட்!" என்றார். தூக்கியிருந்த வலது கை பஸ் தகரத்தைத் தட்டுவது போல மேசையில் இருந்ததை ஓங்கித் தட்டியது. மேசையில் இருந்தது விசைப்பலகை. அழுந்தியது 'ஆம்'.

இரண்டு கட்டு உரை கண்ணெதிரே காணாமல் போனது. நாலு வரி மட்டும் வெள்ளைத் திரையில் நின்றது. கண்டக்டர் பேயறைந்தவர் போல உட்கார்ந்துவிட்டார். டிரைவர் எந்தப் பயிற்சிக்கும் போகாதவர், ஆகவே அச்சடிக்கும் பொத்தான் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அழுத்தினார். ஒரே ஒரு தாள் வந்தது.

"இவ்வளவுதானா? போன வருஷம் தூக்க முடியாம தூக்கிட்டுப் போனேனே?"

"இருந்துச்சு" என்றார் கண்டக்டர். "இப்ப இல்ல."

டிரைவர் தாளை உறையில் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

மேடையில் நடந்ததை ஸ்டோர் அக்காதான் பிறகு வந்து சொன்னார். இயக்குநர் மைக்கைச் சரிசெய்தார், கண்ணாடி போட்டார், படித்தார்.

"இந்தப் பிரிவு தொடங்கிய நாள் முதல் என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். இங்கே பயின்ற எவருக்கும் ஒரு கடிதம்கூட டைப் செய்யத் தெரியவில்லை என்கிறார்கள். நாற்காலிகள் வாங்கியதைத் தவிர இங்கே வேறு எதுவும் நடக்கவில்லை என்கிறார்கள். இதற்கெல்லாம் நான் சொல்லும் பதில்"

அதோடு தாள் முடிந்துவிட்டது. திருப்பினார். பின்பக்கம் வெறுமை. அதையும் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார். உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். மண்டபமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார்.

 பிறகு கைத்தட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. முன்வரிசையில் இருந்த தலைமைச் செயலாளர் எழுந்து வந்து இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பொது வாழ்க்கையில இவ்வளவு நேர்மையான பதிலை நான் கேட்டதே இல்ல" என்றாராம்.

மறுநாள் கண்டக்டருக்குத் தேர்வு நடக்கவில்லை, விசாரணை நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் இயக்குநர், பயிற்சியாளர், இல்லை அதிகாரி. முதலில் மறைந்த உரைக்காக எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். அந்த நேரம் பார்த்து, கணினி அறையைப் பெருக்கும் அம்மா வந்து, நேற்று மாலை பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெருக்கியதாகவும், இன்று மறுபடி போட்டால் உரை முழுசாக அங்கேயே இருப்பதாகவும் சொன்னார். போய்ப் பார்த்தார்கள், இருந்தது. ஒரு எழுத்து குறையவில்லை.

பயிற்சியாளர் முகம் சுண்டிப்போனது. "போனது திரும்பி வரும்னு பாடத்துல எங்கயும் இல்ல. அதனால இது அந்த உரையா இருக்க முடியாது. அதே மாதிரி இருக்கற வேற உரை." தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பெருக்கும் அம்மாவை இனி பிளக்கைத் தொடக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார்கள்.

"ஆம் அழுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றார் பயிற்சியாளர். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெரியும்னா நீங்க தொடக்கநிலையாளர் இல்ல, இந்த நாற்காலி தொடக்கநிலையாளருக்கானது. தெரியாதுன்னா நீங்க பாடத்துல ஃபெயில்."

கண்டக்டருக்குப் பூட்டிய வீடும், உள்ளே தனியாகப் படுத்திருக்கும் மகளும் கண்முன் வந்தார்கள். 

"சார், டிரைவர் போலாமான்னு கேட்டாரு. போலாம்னு சொன்னேன். இதுல தெரிய என்னங்க இருக்கு? பொண்டாட்டிக்கு நைட் டியூட்டி. பொண்ணு சின்னப் பொண்ணு. என்னைத் திரும்ப பஸ்ஸுக்கு அனுப்பிடாதீங்க."

"கருணை காட்டலாமா?" என்று இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"இல்லை" என்றார் இல்லை அதிகாரி.

"அப்ப வேலைய விட்டு அனுப்பலாமா?"

"இல்லை" என்றார் அவர் மறுபடியும், அதே உறுதியோடு.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். நேற்றைய கைத்தட்டல் இன்னும் அவர் காதில் இருந்தது.

"பாருங்க தம்பி, ஒளிவுமறைவில்லாம பேசறேன். நீங்க செஞ்சது தப்புன்னா எனக்குக் கிடைச்ச கைத்தட்டும் தப்புன்னு ஆயிடும். என் வாழ்க்கையிலயே முதல் கைத்தட்டு அது. சரின்னா, ஆம் அழுத்தறதால எந்தக் கெடுதலும் இல்லன்னு ஆயிடும். அப்புறம் இந்த மாடி எதுக்கு, இவர் எதுக்கு, என் கார்தான் எதுக்கு? நான் ஒரு நிர்வாகி. நடந்தது நல்லதா கெட்டதான்னு பார்க்கறது என் வேலையில்ல. நடந்தது மறுபடி நடக்காம பார்க்கறதுதான் என் வேலை."

தண்ணீர் குடித்தார். முகம் மலர்ந்தது.

"அதனால உங்கள அனுப்பல. உங்கள முடக்கி வைக்கறோம்."

அன்றைக்கே கண்டக்டருக்குக் கடிதப் பிரிவில் நல்ல நாற்காலி கொடுத்தார்கள், கால் நீட்ட ஒரு முக்காலியும் கொடுத்தார்கள். மேசை மேல் ஒரு பலகை வைத்தார்கள். 'இந்த ஊழியர் முடக்கப்பட்டுள்ளார். இவர் புதியவர்களைக் குழப்பக்கூடும். இவரிடம் வேலை கொடுக்க விரும்புகிறீர்களா?' பக்கத்தில் இல்லை அதிகாரிக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

யார் வந்தாலும் இல்லை அதிகாரி முந்திக்கொண்டார். கடிதம் கொடுக்க வந்தவருக்கு இல்லை. வழி கேட்க வந்தவருக்கு இல்லை. ஸ்டோர் அக்கா வந்து, "கண்டக்டர், அந்தப் பேனாவ கொஞ்சம் எடுத்துத் தாங்க" என்றார். கண்டக்டர் கையை நீட்டுவதற்குள், "இல்லை." புதிதாகச் சேர்ந்தவர்களைப் பயிற்சியாளர் வரிசையாக அழைத்து வந்து, நாலடி தள்ளி நிற்க வைத்து, "ஆம் அழுத்தியவர் இவர்தான்" என்று தாழ்ந்த குரலில் காட்டினார். அவர்கள் இருமிவிட்டுப் போனார்கள்.

சம்பளம் முழுசாக வந்தது. கண்டக்டருக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. போகப் போக என்னவோ போல ஆகிவிட்டது. பஸ்ஸில் அவரை ஏசாத வாய் இல்லை. ஆனால் ஏசினவர்கள்கூட இறங்கும் இடம் வந்ததும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இங்கே யாரும் அவரை ஏசவில்லை. ஒருவருக்கும் அவர் தேவைப்படவும் இல்லை. ஒரு மனுஷனை இப்படி உட்கார வைத்துச் சாப்பாடு போடுவதற்குப் பதில் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மனைவி டியூட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்ன, மூஞ்சி தொங்கிக் கிடக்கு?"

"என்னை முடக்கி வெச்சிருக்காங்க."

"சம்பளம் வருதுல்ல?"

"வருது."

"நான் கிளம்பறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடறீங்கல்ல?"

"வந்துடறேன்."

"அப்புறம் என்ன?"

"யாருக்கும் நான் தேவையில்ல, தெரியுமா? நாள் பூரா பக்கத்துல ஒரு ஆளு உக்காந்துகிட்டு இல்லை இல்லைன்னு சொல்லிட்டே இருக்கான்."  நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்ட மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினார்.

மனைவி சீப்பைக் கீழே வைத்தாள்.  பிறகு உள்பக்கம் கை காட்டினாள்.

"கேஸ் தீர்ந்துபோச்சு. சிலிண்டர மாத்துங்க. பாப்பாவுக்கு வாய்ப்பாடு கேளுங்க, ஏழாம் வாய்ப்பாட்டுல திணறுறா. பாத்ரூம் குழாய் ஒழுகுது, அதையும் பாருங்க."

கண்டக்டர் நிமிர்ந்தார். அலுவலகப் பழக்கம் விடுமா?

"நிஜமாத்தான் சொல்றியா? இந்த ஒரு தடவை மட்டுமா, இல்ல..."

அவள் பார்த்த பார்வையில் மீதி வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. மேசையைப் பிடித்து எழுந்தார். முழங்கால் நொடித்தது, பொருட்படுத்தவில்லை. புது சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார். நீலமாக எரிந்தது. கடிதப் பிரிவுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவர் செய்து முடித்த முதல் வேலை அதுதான்.